ஆறு வாரத்தில் உருவான யந்திரம்

ஆகாய விமானத்தை முதன்முதற் பறக்கவிட்டோர் யாவர் என்று வினவினால், றைட் சகோதரர் என மாணவர் ஒரே குரலில் விடையிறுப்பர். அவ்விமானத்தின் யந்திரத்தை உருவாக்கியவர் யார் என்று கேட்டாலோ, வகுப்பு முழுவதும் மௌனமாகிவிடும். அந்த மௌனத்துள் மறைந்து கிடப்பவர் சாள்ஸ் ரெயிலர் என்னும் தொழிலாளி. அவருடைய கைவினையைப் பற்றியே இங்கு சிறிது கூற விழைகின்றோம்.

அமெரிக்காவின் ஓகையோ மாகாணத்திலுள்ள டேற்றன் நகரில் வில்பர், ஓர்வில் என்னும் அச்சகோதரர் சைக்கிள் கடை நடத்திவந்தனர். 1902-ஆம் ஆண்டளவில், யந்திரமின்றிக் காற்றில் மிதக்கும் விமானத்தைத் தம் விருப்பப்படி செலுத்தும் வித்தை அவர்களுக்குக் கைவந்துவிட்டது. அடுத்து வேண்டியது யந்திரம். ஆற்றல் எட்டுக் குதிரைச் சக்தியாவது இருத்தல் வேண்டும். நிறை 180 இறாத்தலுக்கு மேற்படலாகாது. இவ்வாறு கணக்கிட்டு, மோட்டார் யந்திரம் செய்வோர் பலருக்குக் கடிதம் எழுதினர். அத்துணை இலேசான யந்திரத்தைச் செய்துதர எவரும் முன்வரவில்லை. எனவே தாமே செய்வதெனத் துணிந்தனர்.

அவ்வேலை 1901-இல் கடையில் வேலைக்கமர்ந்த ரெயிலரின் கைக்கு வந்தது. பெற்றோல் யந்திரத்தில் அவருக்கிருந்த அனுபவம், முன்பு ஒருமுறை மோட்டார் வண்டியொன்றைப் பழுதுபார்க்க முயன்றது மாத்திரமே. கடையில் இருந்த பெரிய கருவிகள் ஒரு கடைசல் யந்திரமும் ஒரு துளையிடும் யந்திரமும். முழுமையான வரைபடமும் இல்லை. வேண்டிய உறுப்பைத் துண்டுக் கடதாசியிற் கீறி, வேலைமேசைக்கு மேலே குத்திவைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகச் செய்துவந்தார்.

அவற்றுள் மிகக் கடினமானது, உருளைகளுள் முன்னும் பின்னுமாக ஓடும் ஆடுதண்டுகளின் இயக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் வளைதண்டு. இதற்கென ஏறக்குறைய 100 இறாத்தல் நிறையுள்ள உருக்குப் பாளம் ஒன்றைப் பெற்றார். அதன் நீளம் 31 அங்குலம்; அகலம் 6 அங்குலம். தண்டின் வடிவத்தை அதன்மேல் வரைந்து, அக்கோட்டின் வழியே நெருக்கமாகத் துளைகள் இட்டார். வேண்டாத பகுதிகளைச் சுத்தியலாலும் உளியாலும் தட்டி நீக்கினார். பின்பு கடைசல் யந்திரத்தில் ஏற்றிச் சீராக்கினார். முடிவில் எஞ்சியது 19 இறாத்தல். சிற்பி கல்லில் ஒளிந்திருக்கும் உருவை வெளிக்கொணர்தல் போன்றது இச்செயல்.

உருளைகளைத் தாங்கும் உடற்பகுதி அலுமினியத்தால் உள்ளூர் வார்ப்பாலையொன்றில் வார்க்கப்பட்டது. இரும்பைத் தவிர்த்து அலுமினியத்தைக் கொண்டமையே நிறை குறைந்ததற்கு முக்கிய காரணமாகும். உருளைகள் நான்கு, ஒவ்வொன்றும் 4 அங்குல விட்டமுடையது. பிற்கால யந்திரங்கள் பலவற்றிற் காணப்பட்ட காபுரேற்றரும் இல்லை. பெற்றோற் பம்பும் இல்லை. பெற்றோல் மேலிருந்த சிறு தகரக் கலத்திலிருந்து தானாக வடிந்து, யந்திரத்தின் வெப்பத்தால் ஆவியாகிக் காற்றோடு கலந்தது. உருளைக்குள் ஒன்றையொன்று தொட்டு நின்ற இரு உலோக முனைகள் திடீரெனப் பிரியும்போது எழும் பொறி அதனை எரித்தது.

ஆறு வாரங்களில் வேலை முடிந்து, 1903 பெப்ரவரி 12-ஆந் திகதி யந்திரம் முதன்முறையாக ஓடிற்று. மறுநாளே தாங்கிகளிற் பெற்றோல் சிந்தியதால் அவை இறுகிப்போக, அலுமினிய உடல் உடைந்தது. புதிய வார்ப்பு ஏப்ரல் மாதத்திலேயே கிடைத்தது. மீண்டும் முதலிலிருந்து கோத்தார்கள். இம்முறை, எதிர்பார்த்த எட்டுக்குப் பதிலாகப் பன்னிரண்டு குதிரைச் சக்தியை யந்திரம் ஈந்தது. மேலதிகமாகக் கிடைத்த இவ்வாற்றல், விமானத்தை மேலும் உறுதியாகக் கட்டச் சகோதரருக்கு இடமளித்தது.

1903 டிசம்பர் 17-ஆந் திகதி, வட கரோலைனாவின் கிற்றி ஹோக் அருகேயுள்ள மணற்கரையில் ஓர்வில் 12 விநாடி பறந்து 120 அடி கடந்தார். அன்றைய நான்காம் முறையில் வில்பர் 59 விநாடியில் 852 அடி சென்றார். அதன்பின் வீசிய பெருங்காற்று தரையில் நின்ற விமானத்தைப் புரட்டி, யந்திரத்தையும் உடைத்தது. ரெயிலரோ அவ்வேளை டேற்றன் நகரிற் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தம் யந்திரம் பறந்ததைக் காணும் பேறு அவருக்குக் கிட்டவில்லை.

அவர் செதுக்கிய வளைதண்டும் நமக்குக் காணக் கிடைப்பதன்று. 1906-இல் நியூயோர்க் கண்காட்சியொன்றுக்கு இரவலாகச் சென்ற அது திரும்பிவரவேயில்லை. உலகம் சகோதரரைக் கொண்டாடிற்று. ரெயிலர் பொருளிழந்து, பெயரிழந்து, 1956 ஜனவரியில் தமது எண்பத்தேழாம் வயதிற் காலமானார். அவர் பிறந்த மே 24-ஆந் திகதியை விமானப் பராமரிப்பாளர் தினமாக அமெரிக்காவிற் போற்றுவது பிற்காலத்து வழக்கம்.

நம் வீடுகளில் பேனா பிடிக்கும் கைக்கு இருக்கும் மதிப்பு, அரம் பிடிக்கும் கைக்கு இருப்பதில்லை. பரீட்சையிற் பின்தங்கிய பிள்ளையே பட்டறைக்கு உரியவன் என்று எண்ணுகின்றோம். சகோதரரின் கணக்குகள் கடதாசியிற் பிழையின்றி இருந்தன. ஆயினும் கடதாசி பறக்கவில்லை. அக்கணக்குக்கு உருக்கிலும் அலுமினியத்திலும் உயிர் கொடுக்க வல்ல இரு கைகள் வேண்டியிருந்தன. மாணவர்காள்! நூலறிவை நன்கு தேடுங்கள். அதனோடு கைகளுக்கும் கல்வி புகட்டுங்கள்.