நோயுற்ற நாளிலும் எரியும் அடுப்பு

பின்னலாடைத் தொழிலாளி ஒருவர் மஞ்சள் காமாலையில் ஒரு மாதம் படுத்துவிட்டால் அவர் வீட்டில் என்ன நடக்கும் என்பதை நாம் அறிவோம். முதலில் மளிகைக் கடன், பிறகு அடகுக்கடை. அதன்பின் பிள்ளையின் படிப்பு நிற்கும்.

இந்தச் சரிவைத் தடுக்கவே 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக, நாம் ஈ.எஸ்.ஐ. என்றழைக்கும் காப்பீட்டுத் திட்டம் பிறந்தது. 2019 ஜூலையில் குறைக்கப்பட்ட விகிதப்படி, மாதம் 10,000 ரூபாய் ஊதியத்துக்குத் தொழிலாளி 75 ரூபாயும் முதலாளி 325 ரூபாயும் செலுத்துகின்றனர். குடும்பத்துக்கு மருத்துவம் கிடைக்கிறது. போதிய நாட்கள் சந்தா செலுத்தியவருக்கு நோய்க்காலத்தில் ஊதியத்தில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாட்கள் வரை கிடைக்கிறது. (மருந்தகத்தில் வரிசை நீளம் என்ற முணுமுணுப்பு நியாயமானதே.)

அந்தப் பணம் வீட்டில் தங்குவதில்லை. மளிகைக்காரருக்கும் பால்காரருக்கும் போகிறது. அவர்கள் வியாபாரமும் நிற்பதில்லை. குணமடைந்தவர் பழகிய இயந்திரத்துக்கே திரும்புவதால், புதியவரைப் பழக்கும் செலவு முதலாளிக்கு மிச்சம்.

முதுமையிலும் பணியிட விபத்திலும் ஓய்வூதியமும் காப்பீடும் தொழிலாளரின் உரிமை என்று திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1981ஆம் ஆண்டு எழுதிய 'லபோரெம் எக்சர்சென்ஸ்' சுற்றுமடல் கூறுகிறது. தர்மம் அல்ல, உரிமை.

நம் பங்குகளிலும் பட்டறை நடத்துவோர் உண்டு. பத்துப் பேர் இருந்தால் திட்டத்தில் சேர வேண்டும் என்பதால், பதிவேட்டில் ஒன்பது பெயர் மட்டும் எழுதுவது நமக்குத் தெரியாததல்ல. எழுதாமல் விட்டது ஒரு பெயர். அட்டை இல்லாமல் போவது பத்துக் குடும்பங்களுக்கு.