வலையில் விழுந்த பந்தும் பறிபோன புள்ளியும்

சென்ற கோடையில் எம்மவர் நடத்திய கரப்பந்தாட்டச் சுற்றுப்போட்டியொன்றைக் கண்டிருந்தோம். எதிரணியின் சேர்விஸ் வலையில் மோதி அவர்கள் பக்கமே விழுந்தது. நாம் ஆதரித்த கழகத்தினர் ஆரவாரித்தனர். மத்தியஸ்தரோ புள்ளியை எதிரணிக்கே வழங்கினார். வாய்ச்சண்டை முற்றிற்று, கழகத்தினர் களத்தைவிட்டு வெளியேறினர்.

தீர்ப்பு சரியானதே.

சேர்விஸ் அடிபடும் கணத்தில், பந்தை எதிர்கொள்ளும் அணியின் அறுவரும் சுழற்சி ஒழுங்கில் நிற்கவேண்டும். வலையோரம் இடமிருந்து வலமாக 4, 3, 2. பின்வரிசையில் 5, 6, 1. இவை நிலத்தில் கீறிய கட்டங்களல்ல. அயலில் நிற்பவரோடு ஒப்பிட்டே அளக்கப்படுபவை. 1ஆம் இடத்தவர் தமக்கு நேர்முன்னுள்ள 2ஆம் இடத்தவரை முந்தி வலையை நெருங்கலாகாது. 6ஆம் இடத்தவரைத் தாண்டி இடப்புறம் போகவும் ஆகாது. 3ஆம், 4ஆம் இடத்தவரோடு அவருக்கு வழக்கேதுமில்லை. தலையோ தோளோ அன்றி, நிலத்திலுள்ள பாதமே சாட்சி. துள்ளியிருப்பவருக்கு அவர் கடைசியாக மிதித்த இடமே கணக்கு.

அன்று பிழைத்தவர் 1ஆம் இடத்தில் நின்ற செற்றர். வலைக்கு விரைந்து பந்து எடுத்துக் கொடுக்கவேண்டியவர் அவரல்லவா? பந்து மேலே எறியப்பட்டதுமே புறப்பட்டுவிட்டார். கை பந்தில் படும்வரை பொறுத்திருந்தால், பின்னர் எங்கு ஓடினாலும் குற்றமில்லை.

ஆயின் சேர்விசும் பிழைத்ததே? அது பிழைத்தது அடித்த பின்னர். செற்றரின் தவறு அடித்த கணத்திலேயே நிகழ்ந்துவிட்டது. முந்திய தவறே தண்டிக்கப்படும். சேர்விஸ் செய்தவர் அடிக்கும்போதே பின்கோட்டை மிதித்திருந்தால் மாத்திரம் அவரது குற்றம் முதலில் எண்ணப்பட்டிருக்கும்.

“அவர்களும் ஒழுங்கின்றித்தானே நின்றார்கள்” என்ற கூச்சலும் எழுந்தது. நின்றார்கள்தாம். 2025 - 2028 காலத்துக்கான சர்வதேச விதிநூல், சேர்விஸ் செய்யும் அணியினர் தம் களத்தில் விரும்பிய இடத்தில் நிற்க இடமளித்துவிட்டது. அதற்கு முன்னர் இரு அணியும் கட்டுப்பட்டிருந்தன. பழைய விதியில் ஊறிய எம் போன்றோருக்கு இது உறுத்தலாகவே இருக்கிறது. எனினும் சேர்விஸ் செய்யும் முறை மாறாது, பின்வரிசையினர் பின்வரிசையினரே. பந்தை மறைத்துத் திரையாக நிற்பதும் குற்றமே.

விளக்கம் கேட்கவும் இரு அணிகளின் நிலைகளைச் சரிபார்க்கக் கோரவும் களத்திலுள்ள அணித்தலைவருக்கு உரிமையுண்டு. அன்று அவர் வாய் திறக்கவேயில்லை. கத்தியவர்கள் வெளியில் நின்றவர்கள். அப்போது ஆட்டம் 22 - 21. முன்னணியில் நின்றது எமது கழகம்.