உபாத்தியாயரின் தகுதியும் சர்க்காரின் கடமையும்

2025-ம் வருஷம் செப்டம்பர் மாதம் 1-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு வழங்கிய ஒரு தீர்ப்பு, பல்லாண்டுகளாக ஊழியம் செய்துவரும் உபாத்தியாயர்களிடையே பெருங் கலக்கத்தை விளைவித்தது. ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையில் போதிக்கும் உபாத்தியாயர்கள் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறியிருத்தல் அவசியமென்றும், ஓய்வு பெற ஐந்து வருஷத்துக்கு மேல் உள்ளவர்கள் இரண்டு வருஷத்துக்குள் தேறாவிடில் வேலையினின்று விலக வேண்டுமென்றும், ஐந்து வருஷத்துக்குக் குறைவாக உள்ளவர்கள் வேலையில் நீடிக்கலாமாயினும் பதவி உயர்வு பெற முடியாதென்றும் அத்தீர்ப்பு விதித்தது. சிறுபான்மையோர் நடத்தும் பள்ளிகளைப் பற்றிய பிரச்னை மட்டும் பெரிய பெஞ்சின் முடிவுக்கு விடப்பட்டது. தீர்ப்பு வெளியான நான்காம் நாள் தேசமெங்கும் ஆசிரியர் தினம் கொண்டாடப்பட்டது. மேடைகளில் மாலையும் பொன்னாடையும் பெற்றவர்களில் எத்தனையோ பேர், தங்கள் பிழைப்பே பரீட்சைக்குள்ளாகிவிட்டதே என்ற கவலையுடன் வீடு திரும்பியிருப்பார்கள்.

இவ்விஷயத்தில் இரண்டு விதமான அபிப்பிராயங்கள் பலமாக ஒலிக்கின்றன. இருபது வருஷம் போதித்தவரை மறுபடியும் பரீட்சை மண்டபத்தில் உட்கார வைப்பது அவமானம் என்பர் ஒரு சாரார். பிள்ளைகளைப் பரீட்சிக்கிறவர் தாம் பரீட்சைக்கு அஞ்சலாமா என்று கேட்பர் மற்றொரு சாரார். இவ்விரண்டிலும் பாதி நியாயமே உண்டு. வைத்தியனுக்கும் வக்கீலுக்கும் தகுதி வேண்டுமென்றால், நம் குழந்தைகளின் அறிவை வளர்ப்பவருக்கு வேண்டாமா? வேண்டும் என்பதே நமது துணிபு. ஆனால் நாம் கேட்கும் கேள்வி வேறு. தகுதி வேண்டுமென்று கட்டளையிடுவோர், அதைப் பெறுவதற்கான வழியை உபாத்தியாயருக்கு வகுத்துக் கொடுத்தார்களா?

நடந்தவற்றைச் சற்று நினைவுகூர்வது நலம். 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் 2010-ம் வருஷம் ஏப்ரல் முதல் தேதி அமுலுக்கு வந்தது. அச்சட்டத்தின்படி, ஆசிரியர் கல்விக்கான தேசியக் கவுன்சில் அவ்வருஷம் ஆகஸ்டு 23-ந் தேதி அறிவிப்பு வெளியிட்டு, புதிதாக நியமனம் பெறுவோருக்குத் தகுதித் தேர்வைக் கட்டாயமாக்கிற்று. முன்னரே விதிப்படி நியமனம் பெற்றவர்களுக்கு அதே அறிவிப்பு விலக்கும் அளித்தது. அவ்விலக்கை நம்பியே ஆயிரக்கணக்கானோர் அமைதியாகத் தம் வேலையைப் பார்த்துவந்தனர். 2023-ம் வருஷம் ஜூன் மாதத்தில் சென்னை ஹைகோர்ட்டும், பழைய உபாத்தியாயர்கள் தேர்வின்றி வேலையில் நீடிக்கலாம், பதவி உயர்வுக்கு மட்டும் தேர்வு வேண்டும் என்றே கூறியது. இரண்டே வருஷத்தில் அந்த நிலைமை தலைகீழாயிற்று.

தமிழ்நாட்டில் முதல் தகுதித் தேர்வு 2012-ம் வருஷம் ஜூலை மாதம் நடைபெற்றது. ஆறரை லட்சத்துக்கு மேற்பட்டோர் எழுதினர். தேறியவர்களோ சுமார் 2,400 பேரே. நூற்றுக்கு ஒருவர் கூட அல்ல! அவர்கள் எல்லோரும் சர்க்கார் அங்கீகரித்த பயிற்சிப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் படித்து, சர்க்கார் முத்திரையிட்ட சான்றிதழைக் கையில் வைத்திருந்தவர்கள். பரீட்சை கடினமாயிருந்தது, நேரம் போதவில்லை என்ற முறையீடுகளைத் தள்ளிவிட்டுப் பார்த்தாலும், இத்தகைய முடிவு தனி மனிதர்களின் குறையாக மட்டும் இருக்க முடியுமா? சான்றிதழ் கொடுத்ததும் சர்க்கார். அச்சான்றிதழ் போதாதென்று பரீட்சை வைத்ததும் சர்க்கார். நடுவில் நின்று பழி சுமந்தவர் உபாத்தியாயர்.

இனி, அப்பரீட்சை எதை அளக்கிறது என்று பார்ப்போம். கேள்விகள் 150, மார்க்கு 150. ஒவ்வொரு கேள்விக்கும் தரப்பட்டுள்ள விடைகளில் சரியானதைத் தெரிந்து குறிக்க வேண்டும். குழந்தை மனோதத்துவம், மொழி, கணிதம் முதலியவற்றில் உபாத்தியாயருக்குள்ள அறிவை இவ்விதம் ஓரளவு சோதிக்கலாம். அந்த அறிவு வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் தெரிந்திருப்பது வேறு, தெரியவைப்பது வேறு. பரீட்சையின் பலன் ஒன்றையே கல்வியின் அளவுகோலாகக் கொண்டால் என்ன நேரும் என்பதற்குச் சரித்திரமே சாட்சி. 1862-ல் இங்கிலாந்தில் மாணவர்களின் பரீட்சை முடிவுக்குத் தக்கபடி பள்ளிகளுக்கு மானியம் என்னும் ஏற்பாடு வந்தது. அதையே பின்பற்றிச் சென்னை மாகாணத்திலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நடத்திப் பார்த்தார்கள். பிள்ளைகள் இன்ஸ்பெக்டர் வரும் நாளுக்காக உருப்போட்டார்கள், கல்வி வளரவில்லை. இரு நாட்டிலும் அம்முறை கைவிடப்பட்டது. பிள்ளைகள் விஷயத்தில் தோற்றுப்போன முறை, உபாத்தியாயர் விஷயத்தில் மட்டும் தனித்து நின்று ஜயிக்குமா?

ஒரு ஜில்லாவை எடுத்துக்கொண்டு பார்த்தால் இவ்விஷயம் நன்கு விளங்கும். திருவள்ளூர் ஜில்லாவின் வடகோடியில் ஆந்திர எல்லையை ஒட்டிக் கிடக்கிறது கும்மிடிப்பூண்டி. அங்குள்ள சிப்காட் தொழிற்பேட்டையின் இரும்பு உருக்காலைகளையும் மற்ற ஆலைகளையும் நாடி, பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் தொழிலாளர்கள் வந்து சேர்கிறார்கள். எல்லைப்புறக் கிராமங்களில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன. இலங்கையிலிருந்து அகதிகளாக வந்த தமிழ் மக்களின் முகாமும் அங்கே இருக்கிறது. ஜில்லாவின் மேற்கிலுள்ள திருத்தணியோ 1960-ம் வருஷம் வரையில் ஆந்திரத்தின் சித்தூர் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. செங்கற்சூளைகளில் ஒடிசாவின் கூலிக் குடும்பங்கள் சில மாதங்கள் தங்கி, மழைக்கு முன் ஊர் திரும்பிவிடுகின்றன. அவர்களுடைய குழந்தைகளும் அவர்களோடு வந்து, அவர்களோடு போகிறார்கள். அக்குழந்தைகளுக்கு ஒடிய மொழிப் புத்தகங்களைக் கொண்டு போதிக்கும் முயற்சிகளும் இந்த ஜில்லாவில் நடைபெற்றதுண்டு.

2006-ம் வருஷத்துத் தமிழ் கற்றல் சட்டத்தின்படி, எந்தத் தாய்மொழி பேசும் குழந்தையாயினும் தமிழைப் பாடமாகக் கற்க வேண்டும். நல்லதே. ஆனால் வீட்டில் தெலுங்கும், தெருவில் ஹிந்தியும், பள்ளியில் தமிழும் கேட்கும் ஆறு வயதுக் குழந்தைக்கு முதல் எழுத்தை எப்படிக் கற்பிப்பது? பாதி வருஷத்தில் வந்து, பாதி வருஷத்தில் போய்விடும் சூளைத் தொழிலாளியின் மகளை எந்த வகுப்பில் வைத்து, எங்கிருந்து தொடங்குவது? கும்மிடிப்பூண்டி உபாத்தியாயர் நாள்தோறும் எழுதும் பரீட்சை இதுதான். இதற்கு நாலு விடைகளில் ஒன்றைக் குறித்துவிட்டு எழுந்து போக முடியாது. இதில் அவருக்குக் கை கொடுக்கும் பயிற்சியே உண்மையான தகுதியைத் தரும்.

அத்தகைய பயிற்சி நம்மால் இயலாத காரியமன்று. கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடிக்கிடந்ததால் குழந்தைகள் எழுத்தறிவில் பின்தங்கியபோது, ராஜ்ய சர்க்கார் எண்ணும் எழுத்தும் என்னும் திட்டத்தை வகுத்தது. முதலமைச்சர் ஸ்டாலின் அதை 2022-ம் வருஷம் ஜூன் 13-ந் தேதி துவக்கி வைத்ததும் இதே திருவள்ளூர் ஜில்லாவில், புழலை அடுத்த அழிஞ்சிவாக்கம் பள்ளியில்தான். குழந்தைகளை வயதால் மட்டும் பிரிக்காமல், அவரவர் அறிந்த அளவைக் கொண்டு அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துப் போதிக்க உபாத்தியாயர்களுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது. திட்டத்தின் நிறைகுறைகளைப் பற்றி விவாதம் இருக்கலாம். பயிற்சி என்பது வகுப்பில் உள்ள குழந்தையிலிருந்து தொடங்க வேண்டும் என்ற அதன் கொள்கை சரியானது.

குறை எங்கே என்றால், இப்படிப்பட்ட பயிற்சிக்கும் தகுதி என்று சட்டம் சொல்வதற்கும் சம்பந்தமே இல்லை. உபாத்தியாயர் வட்டார வள மையத்துக்குப் போகிறார், வருகைப் பதிவில் கையெழுத்திடுகிறார், திரும்பி வருகிறார். அங்கே கற்றதை வகுப்பில் செய்து காட்டினாரா என்று பார்த்து, செய்து காட்டியவருக்கு நிலையான சான்று வழங்கி, அதைப் பதவி உயர்வின் தராசில் வைப்பவர் யாருமில்லை. மேற்படிப்புப் படித்த சர்க்கார் சிப்பந்திகளுக்கு அளித்துவந்த முன்ஊதிய உயர்வையும் 2020-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் நிறுத்திவிட்டார்கள். படித்தால் லாபமில்லை, படிக்காவிட்டால் வேலையில்லை என்ற இரட்டை நிலையில் எந்த மனிதனுக்குப் படிப்பில் ஊக்கம் பிறக்கும்?

ஆசிரியர் தினத்துக்குக் காரணமான பெரியாரையே எடுத்துக்கொள்வோம். 1888-ல் திருத்தணிப் பகுதியில் பிறந்து பிற்காலத்தில் ராஷ்டிரபதியான டாக்டர் ராதாகிருஷ்ணன், எம். ஏ. பட்டம் பெற்று 1909-ல் சென்னை ராஜதானிக் கல்லூரியில் சேர்ந்தவர். தத்துவ சாஸ்திரத்தில் அத்தனை தேர்ச்சியுள்ளவரும் அதன் பின்னர் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியில் பயிற்சி பெற்றார். அக்கல்லூரி 1856-ல் சென்னையில் நிறுவப்பட்ட நார்மல் பள்ளியின் வழிவந்தது. கல்விமானாக இருப்பது போதாது, போதிக்கும் கலையையும் கற்க வேண்டும் என்பதை நம் நாடு அன்றே ஒப்புக்கொண்டிருந்தது. அதற்கு அன்று கண்ட வழி பயிற்சி. வெறும் பரீட்சை அல்ல.

தலைமை உபாத்தியாயர் விஷயம் இன்னும் பரிதாபகரமானது. வருஷ வரிசையில் முன்னால் நிற்பவர் ஒரு நாள் காலையில் தலைமை நாற்காலியில் அமர்கிறார். அன்று முதல் கணக்கு வழக்கு, காலை உணவு, மத்தியான உணவு, கட்டடப் பழுது, பள்ளி மேலாண்மைக் குழு, கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டிய புள்ளிவிவரங்கள் யாவும் அவர் தலையில் விழுகின்றன. சக உபாத்தியாயரின் வகுப்பில் அமர்ந்து, குறையை அன்போடு எடுத்துச் சொல்லும் வேலைக்கு நேரமும் இல்லை, பழக்கமும் இல்லை. இலங்கையில் பள்ளி அதிபர்களுக்கென்று தனிச் சேவையே அமைத்து, போட்டிப் பரீட்சை வைத்து ஆள் எடுக்கிறார்கள். இங்கிலாந்தில் 1997-ல் தலைமை உபாத்தியாயருக்கென்று ஒரு தேசியத் தகுதிப் படிப்பை ஏற்படுத்தி, 2009-ல் புதிய தலைமையாசிரியர்களுக்கு அதைக் கட்டாயமாக்கினார்கள். 2012-ல் கட்டாயத்தை நீக்கினார்கள். கட்டாயம் போயிற்றேயன்றிப் படிப்பு போகவில்லை. எழுதப் படிக்கக் கற்பிப்பதற்கு வழிகாட்டுவோர், சக ஆசிரியர்களை வளர்ப்போர் முதலியவர்களுக்கும் தனித்தனிப் படிப்புகள் அங்கே பின்னர் தோன்றின. வேலையில் இருந்துகொண்டே, தம் பள்ளியின் பிரச்னையையே பாடமாக வைத்துப் படிப்பது அவற்றின் விசேஷம். அன்னியர் செய்ததை அப்படியே இறக்குமதி செய்ய வேண்டுமென்பது நமது கருத்தன்று. கட்டாயம் மாறினாலும் வாய்ப்பு மாறாமல் இருக்க வேண்டும் என்ற பாடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

நாம் கோருவது என்ன? முதலாவதாக, பணியிலுள்ளவர்களின் தகுதியை நிர்ணயிப்பதில் எழுத்துப் பரீட்சையோடு வகுப்பறை வேலைக்கும் இடம் அளிக்க வேண்டும். இதற்குச் சட்டத்திலோ தேசியக் கவுன்சிலின் விதிகளிலோ திருத்தம் தேவையானால், ராஜ்ய சர்க்காரும் நம் பார்லிமெண்டு அங்கத்தினர்களும் அதற்காகப் போராட வேண்டும். இரண்டாவதாக, திரூரிலுள்ள ஜில்லா ஆசிரியர் பயிற்சி நிறுவனம் போன்றவற்றுக்குப் போதிய ஆளும் பணமும் கொடுத்து, அந்தந்தத் தாலுகாவின் வகுப்பறைக்கு ஏற்ற பயிற்சியை அவை நடத்தச் செய்ய வேண்டும். கும்மிடிப்பூண்டிக்கு வேண்டிய பாடம் பல மொழிக் குழந்தைகளைப் பற்றியது. பழவேற்காட்டு மீனவர் குப்பங்களுக்கு வேண்டியது வேறாக இருக்கலாம். மூன்றாவதாக, பயிற்சிக்குப் போகும் நாட்களில் பதில் உபாத்தியாயர் நியமிக்கப்பட வேண்டும். இல்லாவிடில், ஓர் ஆசிரியர் இரண்டு மூன்று வகுப்புகளைக் கட்டி மேய்க்கும் சிறு பள்ளியில் அன்று பாடமே நடவாது. நான்காவதாக, தலைமைப் பதவி ஏற்குமுன் ஒவ்வொருவருக்கும் சர்க்கார் செலவில் தலைமைப் பயிற்சி அளிக்க வேண்டும்.

பணியிலுள்ளோருக்கென 2026-ம் வருஷத்தில் சிறப்புத் தகுதித் தேர்வுகள் நடத்துவதாக ராஜ்ய சர்க்கார் 2025-ல் அறிவித்தது. பரீட்சை எழுத மேலும் சந்தர்ப்பம் அளிப்பது உபகாரமே. ஆயினும் பரீட்சைகளின் எண்ணிக்கையைப் பெருக்குவது பயிற்சியைப் பெருக்குவதாகாது. பகலெல்லாம் வகுப்பில் நின்று, இரவில் வினாவிடைப் புத்தகத்தை உருப்போட்டு, தனியார் பயிற்சி மையத்துக்குக் கைப்பணம் கட்டி ஓர் உபாத்தியாயர் தேறிவிடுகிறார் என்றே வைத்துக்கொள்வோம். அவர் வேலை பிழைத்தது. அவர் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் ஒடியக் குழந்தைக்குக் கிடைத்தது என்ன?

ராஜீயத் துறையில் உழைக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. தகுதித் தேர்வை ரத்து செய் என்று கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றுவது எளிது. தேர்தல் காலத்தில் அதற்குக் கைதட்டலும் கிடைக்கும். கோர்ட்டின் கட்டளை கைதட்டலுக்கு இளகாது. அதைவிட, உங்கள் ஊர்ப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் போய் உட்காருங்கள். அங்கே தலைமை உபாத்தியாயர் இருக்கிறாரா, கடைசியாக எப்போது எந்த உபாத்தியாயர் என்ன பயிற்சிக்குப் போனார், அப்போது அவர் வகுப்பை யார் பார்த்தார் என்று விசாரியுங்கள். கிடைக்கும் பதிலை உங்கள் சட்டசபை அங்கத்தினரிடம் கொண்டு சென்று, சபையில் கேள்வியாகக் கேட்கச் சொல்லுங்கள். இரண்டு வருஷக் கெடு 2027-ம் வருஷம் ஆகஸ்டு மாதக் கடைசியில் முடியும் கணக்கு. அந்தக் கெடு உபாத்தியாயருக்கு மட்டும் விதித்ததென்று சர்க்கார் எண்ணிவிடலாகாது. ஒரு தொழிலுக்குத் தகுதியை விதிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ, அத்தகுதியை அடையும் வழியைத் திறந்துவிடும் பொறுப்பும் அவரிடமே இருக்கிறது. அந்தப் பொறுப்பை நிறைவேற்றிய பின்னரே, தேறாதவரை வீட்டுக்கு அனுப்பும் பேச்சை எடுக்கச் சர்க்காருக்கு நியாயம் உண்டு.