சாவி பறிபோன பல்கலைக்கழகம்!

"பல்கலைக்கழகத்துக் கம்ப்யூட்டர் சமாசாரம் பெண்கள் பத்திரிகையில் எதற்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே! காலேஜில் சேர அப்ளிகேஷன் போடுவது, ஃபீஸ் கட்டுவது, ஹால் டிக்கெட் எடுப்பது, மார்க் பார்ப்பது எல்லாமே இன்று கம்ப்யூட்டர் வழியாகத்தான் நடக்கிறது. ரிசல்ட் வரும் நாளில் இணையதளம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால், பெற்ற வயிறு என்ன பாடுபடும் என்பது நமக்குத் தெரியாதா?

இதையெல்லாம் கவனித்துக்கொள்ள ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் ஒரு தகவல் தொழில்நுட்பப் பிரிவு இருக்கிறது. அதை நடத்துவதும் குடித்தனம் நடத்துவது மாதிரிதான். வேளாவேளைக்குச் சாப்பாடு வரும்வரை சமையலறைப் பக்கம் யாராவது எட்டிப் பார்ப்பார்களா? ஒருநாள் அடுப்பு எரியவில்லை என்றால்தான், "என்னாச்சு, என்னாச்சு?" என்று ஓடிவருவார்கள். அப்படி அடுப்பு அணைந்துபோன ஒரு பல்கலைக்கழகத்தின் கதை இது. நடந்த கதை.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு

நெதர்லாந்து நாட்டின் தென்கோடியில் மாஸ்ட்ரிக்ட் என்று ஓர் ஊர். அங்குள்ள பல்கலைக்கழகம் 1976-ல் தொடங்கப்பட்டது. பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள், நாலாயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள். 2019 டிசம்பர் 23-ஆம் தேதி, எல்லோரும் கிறிஸ்துமஸ் லீவில் ஊருக்குப் போயிருந்த நேரம். அன்று மாலை அங்கிருந்த 267 சர்வர்கள் பூட்டிக்கொண்டன.

சர்வர் என்றால் ஓட்டல் சர்வர் இல்லை! மற்றக் கம்ப்யூட்டர்கள் கேட்பதையெல்லாம் எடுத்துக் கொடுக்கும் பெரிய கம்ப்யூட்டர். அதில் இருந்த விவரங்களையெல்லாம் யாரோ படிக்க முடியாத சங்கேதமாக மாற்றிவிட்டார்கள். "பணம் கொடு, சாவி தருகிறேன்" என்று மிரட்டல் வேறு. அம்மாடி! ஈ-மெயில் வேலை செய்யவில்லை. ஆராய்ச்சிக் கோப்புகளைத் திறக்க முடியவில்லை. ஜனவரி பிறந்ததும் பரீட்சை!

திருடன் எப்படி நுழைந்தான்?

திருடன் அன்றைக்கு வந்தவன் இல்லை. அக்டோபர் நடுவிலேயே நுழைந்துவிட்டான். பல்கலைக்கழகத்துக்கு வந்த ஈ-மெயிலில் இருந்த இணைப்பை யாரோ நம்பித் திறந்ததுதான் வாசற்கதவு திறந்த கதை. பிறகு இரண்டு மாத காலம் சத்தமில்லாமல் உள்ளே நடமாடியிருக்கிறான். பாதுகாப்புக்கான புதுப்பிப்புகளைப் போடாமல் விட்டிருந்த சர்வர் அவனுக்கு வசதியாக அகப்பட்டது. நவம்பர் மாதத்தில் மொத்த வீட்டுக்குமான சாவிக்கொத்து அவன் இடுப்புக்குப் போய்விட்டது!

"பேக்கப் என்று இன்னொரு நகல் எடுத்து வைப்பார்களே, அது என்னாச்சு?" என்று காலேஜில் படிக்கும் என் மகளிடம் கேட்டேன். "வைத்திருந்தார்கள் அம்மா. ஆனால் முக்கியமான சில நகல்களும் அதே இணைப்பிலேயே இருந்ததால், அவற்றையும் சேர்த்துப் பூட்டிவிட்டான்" என்றாள். பீரோவின் டூப்ளிகேட் சாவியைப் பீரோவுக்குள்ளேயே வைத்துப் பூட்டின கதைதான், பாருங்கள்!

கொடுப்பதா, கூடாதா?

திருடனுக்குப் பணம் கொடுக்கக்கூடாது என்பது நியாயம். கொடுத்தால் நாளைக்கு இன்னொரு வீட்டுக்குப் போவான். ஆனால், கொடுக்காவிட்டால் எல்லாவற்றையும் முதலிலிருந்து கட்ட வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். அதுவரை பிள்ளைகளின் பரீட்சை? சம்பளப் பட்டுவாடா? வருஷக்கணக்கில் சேர்த்த ஆராய்ச்சி?

நிர்வாகக் குழுவினர் தர்மசங்கடத்தோடு ஒரு முடிவுக்கு வந்தார்கள். டிசம்பர் கடைசியில் 30 பிட்காயின் கொடுத்தார்கள். அது கம்ப்யூட்டரில் மட்டுமே புழங்கும் ஒருவகைப் பணம். அன்றைய மதிப்பில் சுமார் இரண்டு லட்சம் யூரோ, அதாவது நம் பணத்தில் ஏறக்குறைய ஒன்றரைக் கோடி ரூபாய். சாவி கைக்கு வந்தது. ஊழியர்கள் லீவையும் பண்டிகையையும் மறந்து உழைத்தார்கள். ஜனவரி 6-ஆம் தேதி வகுப்புகளும் பரீட்சைகளும் தொடங்கின.

பணம் கொடுத்தது சரியா, தப்பா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. எனக்கும் மனசு ஒப்பவில்லைதான். ஆனால் பிள்ளைகளின் படிப்பு ஒரு தட்டில் இருக்கும்போது, தராசைக் கையில் பிடித்திருப்பவர்களின் கஷ்டம் அவர்களுக்குத்தானே தெரியும்?

மூடி மறைக்கவில்லை

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. வீட்டில் திருட்டுப் போனால் வெளியில் சொல்லக் கூச்சப்படுவோம். இவர்களோ 2020 பிப்ரவரி 5-ஆம் தேதி கூட்டம் போட்டு, நிபுணர்களின் அறிக்கையையும் வெளியிட்டு, "எங்களிடம் இன்னின்ன குறை இருந்தது" என்று ஊரறியச் சொன்னார்கள். ஈ-மெயிலைத் திறந்தவரின் பெயரைச் சொல்லித் தூற்றவில்லை. அடுத்த பல்கலைக்கழகம் தப்பித்துக்கொள்ள வேண்டும் என்பதே நோக்கம். தலைமை என்றால் இதுதானே!

வீட்டையும் ஒழுங்கு செய்தார்கள். ஒரு சாவி எல்லா அறைகளையும் திறக்காதபடி, இணைப்பைத் தனித்தனிப் பகுதிகளாகப் பிரித்தார்கள். நகல்களில் ஒன்றை எந்த இணைப்பிலும் சேராமல் வைத்தார்கள். இரவு பகல் கண்காணிக்க ஆள் போட்டார்கள். சந்தேகமான ஈ-மெயிலை அடையாளம் காண, ஊழியர்களுக்கும் மாணவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தார்கள்.

கதையின் கடைசியில் ஒரு வேடிக்கை. கொடுத்த பணத்தில் ஒரு பகுதியை நெதர்லாந்துப் போலீஸ் துப்புத் துலக்கிப் பிடித்துவிட்டது. அதற்குள் பிட்காயின் விலை ஏறிவிட்டதால், 2022-ல் அந்தச் சிறு பகுதியே சுமார் ஐந்து லட்சம் யூரோ மதிப்புக்கு வந்திருந்தது! அதைப் பணக்கஷ்டத்தில் இருக்கும் மாணவர்களுக்கு உதவும் நிதிக்குக் கொடுப்பதாகப் பல்கலைக்கழகம் அறிவித்தது.

நம் வீட்டுக்கும் இது பொருந்தும்

1. "உடனே தட்டுங்கள், இல்லாவிட்டால் கணக்கு முடங்கும்" என்று அவசரப்படுத்தும் செய்தி வந்தால் தட்டாதீர்கள். பாங்கிலோ காலேஜிலோ நேரில் கேளுங்கள். அல்லது உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த நம்பருக்குப் போன் செய்து கேளுங்கள்.

2. போன் 'அப்டேட்' கேட்டால், "அப்புறம் பார்க்கலாம்" என்று நாள் கடத்தாதீர்கள். அது கதவின் தாழ்ப்பாளைச் சரிபார்ப்பது மாதிரி.

3. சர்டிபிகேட் நகல்கள், குழந்தைகளின் போட்டோக்கள் இவற்றை ஒரு பென் டிரைவில் போட்டு, கம்ப்யூட்டரிலிருந்து கழற்றித் தனியே வையுங்கள்.

4. எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டு வேண்டாம். அஞ்சறைப் பெட்டியில்கூடக் கடுகுக்கு ஒரு கிண்ணம், சீரகத்துக்கு ஒரு கிண்ணம் என்றுதானே வைக்கிறோம்?

5. பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். சைபர் மோசடிகளுக்கான அரசாங்க உதவி எண் இது.

எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளைகளோ மாமனார் மாமியாரோ ஏமாந்து எதையாவது தட்டிவிட்டால் கத்தாதீர்கள். திட்டு விழும் என்று பயந்தால், அடுத்த தடவை சொல்லாமல் மறைத்துவிடுவார்கள். திருடனுக்கு அதைவிடச் சௌகரியம் வேறு என்ன வேண்டும்?