இறங்கிய தோள்

மானிட சரீரத்து மூட்டுகளுள் தோளைப்போல் நானாதிசைகளிலும் சுழல வல்லது பிறிதொன்றில்லை. அவ்வாறு சுழல வேண்டியே அது ஆழமான குழியைத் துறந்து, பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் குழந்தைகள் கரண்டியில் எலுமிச்சம்பழம் ஏந்தி ஓடுவதைப்போல, புயத்தெலும்பின் பருத்த தலையைச் சிறியதோர் ஆழமற்ற கிண்ணத்தில் ஏந்தி நிற்கிறது. பழம் விழாமல் காப்பவை கிண்ணத்தின் விளிம்பைச் சூழ்ந்த நார்க்குருத்து வளையமும், மூட்டுறையும், சுற்றியுள்ள தசைகளுமே. கபடியில் நீட்டிய கை பின்னுக்கு இழுபடும்போது அவ்வளையத்தின் முன்பகுதி கிழிய, எலும்பு முன்புறமாக நழுவிவிடுகிறது.

அதைத் திரும்ப அமர்த்துவது புராதன வித்தை. அக்குளில் குதிகாலை ஊன்றிக் கையை இழுக்கும் உபாயம் ஹிப்பாக்ரட்டீஸின் பெயரால் வழங்குகிறது. முழங்கையை மடக்கி விலாவோடு அணைத்து, மெல்ல வெளிப்புறம் திருப்பும் முறையை 1870-இல் வெளியிட்டவர் ஸ்விட்சர்லாந்தின் தியோடர் கோக்கர். (1909-இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது தைராய்டு ஆராய்ச்சிக்காக, தோளுக்காக அல்ல.) எம்முறையாயினும், எலும்பு முறிந்திருக்கிறதா என்று எக்ஸ்ரேயிலும், நரம்பு நலிந்திருக்கிறதா என்று தோளின் வெளிப்புறச் சருமத்தைத் தொட்டும் முதலில் அறிய வேண்டும், மைதானத்து நண்பர்கள் கையைப் பற்றி இழுத்துச் செய்யும் உபகாரம் அபாயமானது.

எலும்பு அமர்ந்ததும் வலி பெரிதும் தணிவதால் காரியம் முடிந்ததென்று எண்ணுவோர் பலர்; என் அபிப்பிராயத்தில் சிகிச்சை அப்போதுதான் ஆரம்பமாகிறது. கழுத்திலிருந்து கையைத் தாங்கும் கட்டை நெடுநாள் வைத்திருந்தால் கிழிந்தது ஒட்டிவிடும் என்ற நம்பிக்கை, ஸ்வீடனில் 1978-இல் தொடங்கி 25 ஆண்டுகள் நீடித்த ஹோவிலியஸ் குழுவினரின் ஆராய்ச்சியால் தளர்ந்தது: மூன்று நான்கு வாரம் கட்டியிருந்தவருக்கும், வலி தீர்ந்ததும் அவிழ்த்தவருக்கும் தோள் மறுபடி நழுவியதில் பேதமில்லை, பேதத்தை உண்டாக்கியது வயதே. இளமையில் இறங்கிய தோளே மீண்டும் மீண்டும் இறங்கியது.

ஆகவே இன்று ஒன்றிலிருந்து மூன்று வாரம் வரையே கட்டு. அந்நாட்களிலும் விரலுக்கும் முழங்கைக்கும் அசைவு. பிறகு முன்குனிந்து கையைக் கடிகார ஊசலைப்போல் ஆட்டுதல். அப்பால் சுவரை அழுத்துதல், ரப்பர் பட்டையை இழுத்தல். கிழிந்த வளையம் விட்டுப்போன காவலைத் தசைகள் ஏற்கப் பழகுவதே இதன் தாத்பரியம். முரட்டு விளையாட்டுக்குத் திரும்பும் வாலிபருக்குச் சஸ்திர சிகிச்சையே உசிதமென்னும் வைத்தியர்கள் உண்டு. அதில் நியாயமும் உண்டு. நாற்பதைக் கடந்தவர்க்கோ மறுபடி நழுவுவதைவிடத் தசைநார் அறுந்திருப்பதே கவலை. இரண்டு வாரம் கழிந்தும் கை உயராவிட்டால் ஸ்கேன் அவசியம்.

யாராயினும், முதல் ஆறு வாரம் பந்தெறிபவரைப்போல் கையை உயர்த்திப் பின்னுக்குச் சாய்க்காதீர்கள். தலை வாருவதற்குக்கூட மற்றக் கையையே உபயோகியுங்கள்.