மருந்தில்லா நோய்... மீண்டு வந்த தேனீக்கள்!

காட்டாங்குளத்தூர் பக்கம் மொட்டை மாடியில் தேனீப் பெட்டி வைக்க ஆசையா? முதலில் மார்த்தாண்டத்தின் கதையைக் கேளுங்கள்.

1976-ல் தாய்லாந்தில் கண்டறியப்பட்ட 'தாய் சாக்புரூட்' என்ற வைரஸ் நோய், 1991-92-ல் தென்னிந்தியாவில் பரவியது. கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளாவிலும் இந்தியத் தேனீக் கூட்டங்கள் பெருமளவில் அழிந்தன. தேனை நம்பியிருந்த குடும்பங்களிடம் காலிப் பெட்டிகள்தான் மிஞ்சின.

இது புழுக்களைத் தாக்கும் நோய். கூட்டுப்புழுவாக மாறும் முன்பே அவை நீர் நிறைந்த பை போலாகி, அறைக்குள் நீட்டிக் கிடந்து இறக்கும். வைரஸ் என்பதால் ஆன்டிபயாடிக் பலிக்காது. அதன் மிச்சம் தேனில் தங்குவதுதான் மிச்சம்.

பிறகு என்ன வழி?

* நோய் கண்ட அடையை அகற்றி எரித்துவிடுங்கள்.

* ராணித்தேனீயை இரண்டு, மூன்று வாரம் கூண்டில் அடைத்து வையுங்கள். புதுப் புழு இல்லாவிட்டால் நோய்ச் சங்கிலி அறுபடும்.

* ஒரு பெட்டியின் சட்டத்தை இன்னொன்றுக்கு மாற்றாதீர்கள்.

* பூ இல்லாத காலத்தில் சர்க்கரைப் பாகு கொடுங்கள். பலமான கூட்டமே நோயைத் தாங்கும்.

அப்படித் தாங்கிப் பிழைத்த கூட்டங்களைப் பிரித்துப் பெருக்கித்தான் தேனீ வளர்ப்பு மீண்டது. 2023-ல் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

பெட்டி வாங்கும்போது அடையைத் தூக்கிப் பாருங்கள். புழுக்கள் முத்து வெண்மையில் சுருண்டு படுத்திருந்தால், தைரியமாக வீட்டுக்குக் கொண்டுவரலாம்!