செல்லுக்குள்ளே ஒரு சமையல்கட்டு!

"மாத்திரையை நிறுத்திட்டு, முருங்கைக்கீரையே போதும்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்கய்யா."

மருமகளை அழைத்து வந்த அந்த அம்மாள் கேட்டது இதுதான். மருமகளின் முதல் கர்ப்பத்தில், ஐந்தாம் மாத ஸ்கேனில் குழந்தையின் முதுகுத்தண்டு மூடவில்லை என்று தெரிந்தது. குழந்தை தங்கவில்லை. அடுத்ததற்குத் தயாராகும்போது மகப்பேறு டாக்டர் ஃபோலிக் அமில மாத்திரை எழுதித் தந்திருந்தார். சித்த வைத்தியன் கீரை பக்கம்தான் பேசுவான் என்று நம்பி வந்திருந்தார்கள். நான் பேசவில்லை.

காரணம் இருக்கிறது. ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது தன் டி.என்.ஏ. முழுவதையும் பிரதி எடுத்தாக வேண்டும். அதற்கு அடினின், குவானின், சைட்டோசின், தைமின் என்று நான்கு எழுத்துகள் வேண்டும். பழையதை வீணாக்காத நம் வீட்டுப் பாட்டி மாதிரி, சிதைந்த செல்களிலிருந்து வரும் எழுத்துகளைச் செல் திரும்பப் பிடித்துக்கொள்ளும். ஆனால் பாஸ்பேட் ஒட்டிய எழுத்தைச் செல்லின் சவ்வு உள்ளே விடாது. வாசலில் செருப்பைக் கழற்றுகிற மாதிரி பாஸ்பேட்டைக் கழற்றிவிட்டு, அதற்கென்றே உள்ள புரத வாசல் வழியாக நுழைய வேண்டும். உள்ளே போனதும் மறுபடி மாட்டிக்கொள்ளலாம்.

வேகமாகப் பெருகும் செல்களுக்குப் பழையது மட்டும் போதாது. புதிதாகவும் சமைக்க வேண்டும். தைமின் செய்வதற்கு யுராசில் எழுத்தின் மேல் ஒரு கார்பன் துணுக்கை ஏற்ற வேண்டும். அந்தக் கார்பனைச் சுமந்து வரும் ஆள்தான் ஃபோலிக் அமிலம். ஆள் வராவிட்டால் தைமின் இடத்தில் யுராசில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதைத் திருத்தப் போய் டி.என்.ஏ. இழையே அறுந்துபோகும். ஃபோலிக் அமிலம் குறைந்த ரத்தசோகையில் சிவப்பணுக்கள் பிரிய முடியாமல் பெருத்துப் போவதும் இதனால்தான்.

கருவில் மூளையும் தண்டுவடமும் ஆகப்போகிற குழாய், கரு உண்டாகி 28 நாளுக்குள் மூடிவிடும். நாள் தள்ளிப்போயிருக்கிறதே என்று வீட்டில் பேசிக்கொள்ளும்போதே பாதி வேலை முடிந்திருக்கும்! அதற்குப் பிறகு மாத்திரை தொடங்கி, இந்தக் குறையைத் தடுக்க முடியாது. ஏற்கெனவே இப்படிக் குழந்தை உண்டான பெண்களுக்குத் தினம் 4 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் கொடுத்துப் பார்த்தார்கள். 7 நாடுகளில், 33 மையங்களில் நடந்து 1991-ல் வெளியான ஆய்வு அது. மறுபடி அதே குறை வருவது 72 சதவீதம் குறைந்தது.

ஃபோலிக் அமிலத்தை 1945-ல் அமெரிக்காவின் லெடர்லி ஆய்வுக்கூடத்தில் செயற்கையாகத் தயாரித்த குழுவின் தலைவர் எல்லாப்பிரகடா சுப்பாராவ். அமெரிக்கா போகுமுன் சென்னையில் ஆயுர்வேதக் கல்லூரியில் பாடம் நடத்தியவர். பிறகு எப்படி இதை 'இங்கிலீஷ் மாத்திரை' என்று நான் ஒதுக்குவது?

கீரையில் ஃபோலேட் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் சூட்டில் சிதையும், தண்ணீரில் கரையும். மாத்திரையில் உள்ளது உடம்பில் சுலபமாகச் சேரும். சாதாரணமாக 400 மைக்ரோகிராம் போதும். கர்ப்பத்துக்கு ஒரு மாதம் முன்பே தொடங்கி, 12 வாரம் வரை சாப்பிட வேண்டும். இந்தப் பெண்ணைப் போன்றவர்களுக்கும் வலிப்பு மருந்து சாப்பிடுபவர்களுக்கும் அளவு வேறு. அதை டாக்டர்தான் தீர்மானிக்க வேண்டும்.

மருமகள் மாத்திரைச் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். மாமியாருக்கு மனசு ஆறவில்லை.

"அப்ப முருங்கைக்கீரை வேண்டாங்களா?"

"தாராளமா பண்ணிப் போடுங்கம்மா. வெந்த தண்ணிய மட்டும் வடிச்சுக் கொட்டிடாதீங்க."